எந்த விளக்கை முதலில் மாற்றுவது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



பேச நேரம் ஒதுக்கித் தந்த செயலாளருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், "குண்டு பல்புக்கு மாற்று" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"எல்.இ.டி." என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உட்காரலாம். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் இன்று குண்டு பல்பு கேட்டால் கடைக்காரரே நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் எல்.இ.டி. வந்துவிட்டது என்றால், நம் பொது மீட்டர் பில் மட்டும் ஏன் இறங்கவில்லை? சில வீடுகளில் ஹால் விளக்கு, படுக்கையறை விளக்கு எல்லாம் மாற்றிய பிறகும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே, ஏன்?

காரணம் எளியது. நாம் மாற்றியதெல்லாம் கண்ணில் படும் விளக்குகளை. அதிக நேரம் எரியும் விளக்குகள் பல இடங்களில் அப்படியேதான் இருக்கின்றன. மின்சாரம் சேமிப்பது விளக்கின் அழகிலோ எண்ணிக்கையிலோ இல்லை. எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்ற பெருக்கலில்தான் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

குண்டு பல்பு செய்யும் வேலை

நம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் கோலார் தங்கவயலுக்காகத் தொடங்கப்பட்டது. அந்த மின்சாரம்தான் பிறகு பெங்களூருக்கும் வந்தது. அந்தக் காலத்திலிருந்து நேற்று வரை நாம் வீட்டில் மாட்டிய குண்டு பல்பின் தத்துவம் மாறவே இல்லை. மெல்லிய கம்பி ஒன்றை மின்சாரத்தால் சுமார் 2,500 டிகிரி வரை சூடாக்குகிறோம். அது பழுத்து ஒளி விடுகிறது.

அதாவது குண்டு பல்பு முதலில் ஓர் அடுப்பு, அப்புறம்தான் விளக்கு. நாம் காசு கொடுக்கும் மின்சாரத்தில் 100க்கு 5 பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகிறது. மீதி எல்லாம் சூடு. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். குஞ்சு ஒன்றுக்கு இத்தனை வாட் என்று கணக்குப் போட்டு மூங்கில் கூடைக்குள் குண்டு பல்பு தொங்க விடுவார்கள். அவர்களுக்குத் தேவை சூடு, அதனால் அந்த இடத்தில் அது பொருத்தமான சாமான். நம் வீட்டு ஹாலில் குஞ்சு பொரிப்பதில்லை.

நம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் சாமந்தி போடுபவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி நன்றாக வளரும் வரை மொட்டு வராமல் தள்ளிப்போட, இரவில் சில மணி நேரம் விளக்குப் போடுவார்கள். செடிக்கு அங்கே வேண்டியது வெளிச்சம், அதிலும் சிவப்பு வெளிச்சம். சூடு வேண்டாம். ஆகவே குண்டு பல்பு செய்த அதே வேலையை அதைவிடப் பல மடங்கு குறைந்த மின்சாரத்தில் எல்.இ.டி. செய்துவிடுகிறது.

நடுவில் வந்த சி.எஃப்.எல்., பின்னால் வந்த எல்.இ.டி.

குண்டு பல்புக்கு முதல் மாற்றாக நமக்கு வந்தது சி.எஃப்.எல். என்ற சுருள் விளக்கு. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 14 வாட்டில் கொடுத்தது. மத்திய அரசு 2009இல் 'பச்சத் லேம்ப் யோஜனா' என்ற திட்டத்தில், குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். என்று மாற்றித் தர ஏற்பாடு செய்தது. ஆனால் சி.எஃப்.எல். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எல்.இ.டி. கதை வேறு. சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது. ரேடியோவிலும் ஸ்டெபிலைசரிலும் சின்னச் சிவப்புப் புள்ளியாக எரிந்ததை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நீல ஒளி கிடைக்காமல் வெள்ளை வெளிச்சம் உண்டாக்க முடியவில்லை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீட்டில் எரியும் வெள்ளை விளக்கின் உள்ளே இருப்பது நீல விளக்குதான். அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பொடி அந்த ஒளியை வெள்ளையாக்கிக் காட்டுகிறது.

விலை இறங்கிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2014இல் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் முதன்முதலில் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுத்துப் பார்த்தது நம் புதுச்சேரியில்தான். அப்போது ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கினார்கள். 2015 ஜனவரியில் அது நாடு முழுவதுக்குமான திட்டமாகி, பிறகு 'உஜாலா' என்று பெயர் பெற்றது. கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதால், 2016இல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் அந்தத் திட்டத்தில் போயிருக்கின்றன. அத்திப்பள்ளி தாண்டி உறவினர் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும், கர்நாடகத்தில் 2015 டிசம்பரில் 'ஹொச பெளகு' என்ற பெயரில் இதே திட்டம் வந்தது. பல்பு 100 ரூபாய். ஹொச பெளகு என்றால் புது வெளிச்சம். அன்று மலிவாக இருந்தது இன்று தெருமுனைக் கடையிலேயே அதைவிட மலிவாகக் கிடைக்கிறது.

ஆகவே விலை இனிமேல் ஒரு காரணம் இல்லை. எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி.

வாட்டை விடுங்கள், மணி நேரத்தைப் பாருங்கள்

உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 நிமிடம் எரிகிறது. இரண்டு மாதத்தில் அது தின்னும் மின்சாரம் 0.3 யூனிட். அதை மாற்றினாலும் ஒன்றுதான், மாற்றாவிட்டாலும் ஒன்றுதான். ஃபியூஸ் போகும் வரை இருக்கட்டும்.

இப்போது பூஜை அறைக்கு வாருங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ 'ஜீரோ வாட்' பல்பு ஒன்று இரவு பகலாக எரிகிறது. பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை எடுக்கும் குட்டிக் குண்டு பல்பு. பழைய சக்கர மீட்டர்கள் இவ்வளவு சிறிய சுமைக்குச் சரியாக ஓடாததால் வந்த பெயர் அது. இன்றைய டிஜிட்டல் மீட்டர் எதையும் விடாது. 15 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 21.6 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. போட்டால் 0.72 யூனிட். ஸ்டோர் ரூமின் 60 வாட் பல்பைவிட இந்த 'ஜீரோ' 70 மடங்கு அதிகம் தின்கிறது.

இந்த 20 யூனிட் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நம் மாநிலத்துக் கட்டண முறையில் சில சமயம் பெரிய விஷயம்தான். கர்நாடகத்தில் மாதம் ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கட்டணம் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். விலைகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

அந்த அட்டவணைப்படி 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டும் 4.50 ஆகும். அதோடு 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆகவே 510 யூனிட் ஓடினால் பில் 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் வித்தியாசம். பூஜை அறை ஜீரோ பல்பு ஒன்றே போதும், 490இல் நிற்க வேண்டிய வீட்டை 510க்குத் தள்ளிவிட. உங்கள் கடைசி நான்கைந்து பில்லை எடுத்து, எந்தப் படிக்குப் பக்கத்தில் உங்கள் வீடு நிற்கிறது என்று பாருங்கள். படியின் விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன பல்புகள் முக்கியம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டு பில்லில் விளக்கு ஒரு சிறு பகுதிதான். மார்கழிக் குளிரில் 2,000 வாட் கீஸரை அரை மணி நேரம் போட்டால் 1 யூனிட். அந்த 1 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. 111 மணி நேரம் எரியும். பழைய ஃபேன் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்கு அருகில். விளக்கை மாற்றிவிட்டோம், இனி பில் பாதியாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விளக்கே முழுச் செலவாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அது நம் எல்லோருக்கும் சொந்தமான இடம்.

யார் வீட்டு மீட்டரிலும் ஓடாத விளக்கு

மாடிப்படி, நடைபாதை, கார் பார்க்கிங், மோட்டார் அறை, காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன் அறை. இங்கே எரிவதெல்லாம் யார் வீட்டு மீட்டரிலும் ஓடுவதில்லை. அதனால் யாரும் அதைக் கவனிப்பதுமில்லை. மாலை 6 மணிக்குப் போட்டால் காலை 6 மணி வரை எரிகிறது. சில நாள் காலை 9 மணிக்கும் எரிந்துகொண்டிருக்கிறது. கடைசியில் பராமரிப்புக் கட்டணமாக அது நம் ஒவ்வொருவர் பையிலிருந்தும்தான் போகிறது.

இந்தப் பொது மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது. 2022 கட்டண மாற்றத்தில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனி வகை வந்தது. 2023 அக்டோபரில் முதலமைச்சர் ஒரு சலுகை அறிவித்தார். 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசு. நம் பகுதியில் சிறிய அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்கள் பொது மீட்டருக்கு இந்தச் சலுகை விழுகிறதா என்று பில்லைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விழவில்லை என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். விளக்கு மாற்றாமலே மிச்சமாகும் பணம் அது.

மற்ற பிளாக்குகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பிளாக்கில் 24 பழைய டியூப்லைட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் 40 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் அதன் சோக் தனியாக 12 வாட் அளவுக்குச் சூடாக்கி வீணாக்கும். ஆக ஒன்று 52 வாட். 24 டியூப், 12 மணி நேரம், 60 நாள்: 899 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 7,192 ரூபாய்.

அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் செட் போட்டால் 346 யூனிட், 2,768 ரூபாய். ஒரு பில்லுக்கு 4,424 ரூபாய் மிச்சம். ஒரு செட்டுக்குக் கூலியோடு சேர்த்து 400 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தச் செலவு 9,600 ரூபாய். மூன்றாவது பில்லுக்குள் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருடத்துக்கு 26,000 ரூபாய்க்கு மேல் சங்கத்தின் கையில் நிற்கும். பெயிண்ட் அடிக்கவும், தொட்டி கழுவவும், கேமரா போடவும் காசு இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். காசு மாடிப்படியில் எரிந்துகொண்டிருக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். இரவு 11 மணிக்கு மேல் படிக்கட்டில் நடப்பவர் எத்தனை பேர்? ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கைப் படிக்கட்டில் 12 இடத்தில் போட்டு, எரியும் நேரம் 12 மணியிலிருந்து 3 மணியாகக் குறைந்தால், மேலும் 130 யூனிட் அளவுக்கு மிச்சம். கேட், பார்க்கிங் போன்ற இடங்களில் இது வேண்டாம். பாதுகாப்புக்கு அங்கே தொடர்ந்து எரியட்டும். ஆனால் பொழுது விடிந்தால் தானாக அணையும் சென்சார் அங்கே போடலாம். வாட்ச்மேன் அண்ணன் மறந்துவிட்டார் என்று சொல்லும் வேலை இருக்காது.

நம் லேஅவுட் தெருவிளக்குகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படாத இடங்களில் அந்த பில்லும் சங்கம்தான் கட்டுகிறது. அங்கே மஞ்சளாக எரியும் 150 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 170 வாட் அளவுக்கு எடுக்கும். 60, 70 வாட் எல்.இ.டி. அந்த வேலையைச் செய்யும். பட்டியலில் இதற்கும் மேலே இடம் கொடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

"எல்.இ.டி. ரொம்ப நாள் வரும் என்றார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டதே?" இது நான் அடிக்கடி கேட்கும் புகார். நியாயமான புகார். குண்டு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் அளவு. தினம் 12 மணி எரிந்தால் 83 நாள். நல்ல எல்.இ.டி.யில் 25,000 மணி என்று போட்டிருப்பார்கள். அதே 12 மணிக் கணக்கில் ஐந்தரை வருடத்துக்கு மேல். ஆனால் எல்.இ.டி.யில் முதலில் சாவது ஒளி தரும் சில்லு அல்ல. பல்பின் கழுத்துக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்னச் சர்க்யூட். அதற்கு எதிரி சூடும், திடீர் உயர் வோல்டேஜும்.

ஆகவே நான்கு விஷயம் பாருங்கள்.

முதலாவது, பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காமல் 'லூமென்' எவ்வளவு என்று பாருங்கள். வாட் என்பது நாம் கொடுக்கும் விலை, லூமென்தான் கிடைக்கும் வெளிச்சம். 60 வாட் குண்டு பல்பு 700 லூமென் அளவுக்குக் கொடுத்தது. நல்ல 9 வாட் எல்.இ.டி. 800க்கு மேல் கொடுக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் இருந்தால் நல்லது. லூமென் போடாத பெட்டியை வாங்காதீர்கள்.

இரண்டாவது, பி.ஐ.எஸ். முத்திரையும், அதன் அருகில் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை அடித்தால் யார் தயாரித்தது என்று காட்டும். தள்ளுவண்டியில் மூன்று 100 ரூபாய்க்கு விற்கும் பெயரில்லாத பல்புகளில் பெரும்பாலும் இதைப் பார்க்க முடியாது.

மூன்றாவது, நிறம். பெட்டியில் 6,500 கெல்வின் என்றால் பளீர் வெள்ளை, 3,000 கெல்வின் என்றால் குண்டு பல்பு போன்ற மஞ்சள் வெளிச்சம், 4,000 நடுவில். சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் வெள்ளை சரி. படுக்கையறைக்கும் வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும் இடத்துக்கும் மஞ்சள் நல்லது, கண் கூசாது. எல்.இ.டி. வெளிச்சம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பெரியவர்களுக்குப் பல நேரம் பிடிக்காதது 6,500 கெல்வின்தான்.

நான்காவது, வாங்கிய தேதியைப் பல்பின் கழுத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பல கம்பெனிகள் இரண்டு வருட வாரண்டி கொடுக்கின்றன. நாம்தான் பில்லைத் தொலைத்துவிட்டுப் புதிது வாங்குகிறோம்.

மாட்டும்போதும் கவனம் வேண்டும். காற்றோட்டமே இல்லாத மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் எல்.இ.டி. பல்பு போட்டால் சூட்டில் சீக்கிரம் போகும். பழைய டியூப் பட்டியிலேயே எல்.இ.டி. குழாயை மாட்டுபவர்கள், சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, குழாயோடு வந்த படத்தின்படி வயர் கொடுங்கள். சோக்கை அப்படியே விட்டால் சேமிப்பும் குறையும், ஆபத்தும் உண்டு.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பேய் போல மங்கலாக எரிகிறது என்று இரண்டு மூன்று வீடுகளில் சொன்னீர்கள். சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு காரணமாக இருக்கலாம். அப்படி இல்லையென்றால், பேஸ் வயருக்குப் பதிலாக நியூட்ரல் வயர் சுவிட்ச் வழியாகப் போவது காரணமாக இருக்கலாம். அப்படியானால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் கையில் ஷாக் அடிக்கும். அதை எல்.இ.டி. உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. உடனே சரி செய்யுங்கள். அதேபோல் ஒரே நாளில் வீட்டில் ஐந்தாறு விளக்கு ஒன்றாகப் போனால் பல்பைத் திட்டாதீர்கள். நியூட்ரல் கட்டாகி வோல்டேஜ் எகிறியிருக்கலாம். அடுத்து ஃபிரிட்ஜ் போகும் முன் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய டியூப் எங்கே போகிறது?

கடைசியாக, நான் முன்பு சொன்ன பாதரசம். சி.எஃப்.எல்.லிலும் டியூப்லைட்டிலும் அது உண்டு. பாதரசத்துக்கான மினமாட்டா உலக உடன்படிக்கையில் உள்ள நாடுகள், சி.எஃப்.எல். விளக்குகளை 2025க்குள்ளும், நீள டியூப்களை 2027க்குள்ளும் தயாரிப்பதை நிறுத்த முடிவு செய்திருக்கின்றன. எப்படியும் அவை போகத்தான் போகின்றன.

ஆனால் நாம் ஒரே வாரத்தில் 24 டியூப்பைக் கழற்றினால் அவை எங்கே போகும்? குப்பைத் தொட்டியில் சாய்த்து வைப்போம். காலையில் வரும் தூய்மைப் பணியாளர் வண்டியில் ஏற்ற அதை உடைப்பார். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் அவர். நாம் மின்சாரம் மிச்சம் பிடித்ததற்கு அவர் உடம்பால் விலை கொடுக்கக் கூடாது. சட்டப்படியும் இவை மின்னணுக் கழிவு, சாதாரணக் குப்பையில் சேர்க்கக் கூடாது. பழைய டியூப்களைப் புது டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே உடையாமல் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் கழித்து அட்டையால் அள்ளுங்கள். துடைப்பம், வாக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம்.

சங்கத்தின் முன் வைக்கும் மூன்று கோரிக்கை

ஒன்று: ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் பொறுப்பெடுத்து, பொது விளக்குகளை எண்ணி, எத்தனை வாட், எத்தனை மணி எரிகிறது என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள்.

இரண்டு: அந்தப் பட்டியலில் வாட்டையும் மணியையும் பெருக்கி, பெரிய எண் வரும் விளக்கை முதலில் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் பத்து விளக்கில் மிச்சமாகும் பணம் அடுத்த பத்தை மாற்றும். மாற்றிய தேதியையும், ஒவ்வொரு பில்லின் யூனிட்டையும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். நான் சொன்ன கணக்கு சரியா தவறா என்று அப்போது எல்லோரும் பார்க்கலாம்.

மூன்று: சங்க அலுவலகத்தில் பழைய டியூப், சி.எஃப்.எல்., எல்.இ.டி. சேகரிக்க ஒரு பெட்டி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வேலை. இன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அந்த நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு எதுவோ, அதுதான் நீங்கள் முதலில் மாற்ற வேண்டிய விளக்கு. பிறகு கதவைத் திறந்து படிக்கட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அடுத்த ரீடிங் எடுக்க வருவதற்குள் பட்டியல் என் கைக்கு வந்துவிட்டால், கணக்குப் போட்டுத் தரும் வேலை என்னுடையது.